வைரவருக்கு நாலு கிராம்

வினாயகமூர்த்தியைப் பொலிஸ் பிடித்துவிட்டது என்ற செய்தி வந்தபோது காலை ஏழு பத்து. அவருடைய மகள் வதனி அலுவலகம் போவதற்குச் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டு நின்றாள். தொலைபேசியில் பேசியவர், அப்பாவின் வானில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்றின் தாய்.

“பதறாத புள்ள. வான் பள்ளிக்கூடத்துக்கு வந்திற்று. பிள்ளையளும் சுகம், அப்பாவும் சுகம். முன் சீற்றில ஒரு பொலிஸ்காரன் இருக்கான். அப்பாவக் கஞ்சாவோட பிடிச்சிற்றாங்களாம்.”

வாயில் ஊசி இருந்ததை மறந்து வதனி சிரித்துவிட்டாள்.

பழுகாமத்தில் வினாயகமூர்த்தியைத் தெரிந்த எவருக்கும் அந்த இடத்தில் சிரிப்புத்தான் வந்திருக்கும். ஐம்பத்தாறு வயதாகியும் வெற்றிலைகூடப் போடாத மனிதர். கலியாண வீடுகளில் ஆண்கள் போத்தலோடு பின்வளவுக்கு ஒதுங்கும்போது, இவர் பெண்களோடு இருந்து தேங்காய் துருவிக் கொடுப்பார். இருபது வருடமாக ஒரு வெள்ளை டொல்பின் வானில் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி, பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து, களுவாஞ்சிக்குடிப் பள்ளிக்கூடங்களில் இறக்கிவந்தார். வானின் முன்தட்டில் ஒரு சீப்பும், இரண்டு கழுத்துப்பட்டியும், அளவு பார்க்காமல் வாங்கிய நாலு சோடி காலுறையும், சத்தி எடுக்கும் பிள்ளைக்கென்று ஒரு தேசிக்காயும் எப்போதும் இருக்கும். பிந்துகிற பிள்ளைக்கு அவர் ஹோர்ன் அடிப்பதில்லை. இறங்கிப் போய் வாசலில் நின்று, அயல் முழுக்கக் கேட்கும்படி, “மகாராணி ஒழும்பியாச்சோ?” என்று விசாரிப்பார். அதற்குப் பயந்தே பிள்ளைகள் நேரத்துக்கு வந்து நின்றன.

அந்த வருடம் நாடு முழுவதும் போதைப்பொருள் தேடுதல் நடந்துகொண்டிருந்தது. பாலத்தடியில் ஒரு வாரமாக வாகனங்களை மறித்தார்கள். மோப்ப நாய் ஒன்றும் வந்திருந்தது. அன்று வானில் பதினொரு பிள்ளைகளும், முன் ஆசனத்தில் அம்மன் கோயில் செயலாளர் உதயரூபனும் இருந்தார்கள். உதயரூபன் வினாயகமூர்த்திக்கு மச்சான் முறை. கோயிலுக்குச் சாமான் வாங்கக் களுவாஞ்சிக்குடிக்குப் புறப்பட்டவர். அம்மன் சடங்கு முடிந்து அது எட்டாம் நாள். அன்றிரவு வைரவருக்குப் படையல் வைக்கும் மடை.

மடைக்கு எந்தத் தாய்வழிக் குடி எதைக் கொண்டுவரவேண்டும் என்பது பழைய ஒழுங்கு. ஒரு குடியார் ரொட்டி சுடுவார்கள், ஒரு குடியார் சாராயம் கொண்டுவருவார்கள், இன்னொரு குடியாருக்குச் சுருட்டு. வினாயகமூர்த்தியின் குடிக்கு விழுந்தது கஞ்சா. தாய்வழியில் வருகிற உரிமை அது. தாய்மாமன் கண்ணை மூடியதும் மருமகன் கைக்கு வந்தது. நெருப்புச் சட்டியில் போட்டு வைரவருக்குப் புகை காட்ட ஒரு நுள்ளு போதும். மறந்துவிடக் கூடாதென்று அவர் விடியவே அதைக் கொட்டைப்பெட்டிக்குள் வைத்து, காலுறைகளுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார். ஓலையால் இழைத்த அந்தச் சின்னப் பெட்டிதான் பொலிஸ்காரரின் கையில் அகப்பட்டது.

நாய் அதை மணந்து பார்த்தது. ஒரு தும்மல் தும்மியது. பிறகு போய் வேலிக்கரை நிழலில் படுத்துக்கொண்டது. பொலிஸ்காரர் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டிய அந்த நேரம் பார்த்துத்தான் உதயரூபன் வாயைத் திறந்தார்.

“அத மரியாதையாப் பிடிங்க சேர். வைரவருக்குப் போற கஞ்சா.”

நீட்டிய கை அப்படியே நின்றது.

பொலிஸ்காரர் நல்லவர். பிள்ளைகளை முதலில் இறக்கிவிடுவோம் என்றார். அதனால் வினாயகமூர்த்தி அன்று மூன்று பள்ளிக்கூட வாசல்களிலும், பக்கத்தில் சீருடை இருக்க, ஒவ்வொரு பிள்ளையின் கழுத்துப்பட்டியையும் சரிபார்த்து இறக்கிவிட்டு, பிறகு தானே வானை ஓட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

வதனி ஸ்கூட்டியில் பாலத்தைக் கடந்து அங்கே போனபோது வாசலில் உதயரூபன் நின்றார். புதுமாப்பிள்ளைக்குத் தோழன் மாதிரி ஒரு நிமிர்வு.

“யோசியாத மகள். சாமிக் காரியத்தில பிடிபட்டவன். கோயிலே அவனுக்குப் பின்னால நிக்கும்.”

“மாமா, நீங்க வாய மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே?”

“வைரவர்ர சாமானப் பொய் சொல்லியோ கொண்டுபோற?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

உள்ளே மரவாங்கில் அப்பா இருந்தார். முதலில் அம்மா சாப்பிட்டாளா என்று கேட்டார். பிறகு வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மகளைக் கிட்டக் கூப்பிட்டார்.

“அது கஞ்சா இல்ல புள்ள. துளசி.”

“என்ன துளசி?”

“மெதுவாக் கதை. எங்கட முத்தத்துத் துளசிதான். கொம்மா காயவச்சுத் தாறவ. சுருட்டுக் கட்டோட ரெண்டு நாள் வச்செடுத்தா மணமும் மாறிரும்.”

வதனி வாங்கில் அமர்ந்துவிட்டாள். பதினொரு வருடமாம். தாய்மாமன் இறந்த வருடம் அப்பா கஞ்சா வாங்கத்தான் போனார். யாரோ சொன்ன சந்தியில் அரை மணித்தியாலம் நின்றார். யாரிடம் கேட்பது, என்னவென்று கேட்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவரிடம் நேரம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

“ஆமி துவக்கோட நிண்ட காலத்தில அந்தப் பாலத்தில எத்தின தரம் கைய உசத்திக்கொண்டு நடந்திருப்பன். மறுகா இதயும் மடியில கட்டிக்கொண்டு அதால வரட்டாமோ? என்னால ஏலாது. கொம்மாதான் சொன்னவ, துளசியும் சாமிக்குப் போறதானே எண்டு.”

“வைரவர் கோவிக்கல்லையோ?”

“அந்த வருசம் வயல்வட்டை முழுக்க நல்ல விளைச்சல். கோவம் எண்டா விடுவாரோ?”

“அப்ப பொலிஸில சொல்லியிருக்கலாமே.”

அப்பா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “பக்கத்தில உதயரூபன் இருக்கான் புள்ள. அவனுக்கு முன்னால எப்பிடிச் சொல்ற?”

சட்டத்தரணி முப்லிஹா காத்தான்குடியைச் சேர்ந்தவள். உயர்தரத்தில் வதனியோடு ஒரே ரியூசன் வகுப்பில் படித்தவள். பொலிஸ் அப்பாவைக் கொண்டுபோன நீதிமன்றத்து வேப்பமரத்தடியில் கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்று, விசயத்தைச் சுருக்கமாக விளங்கப்படுத்தினாள்.

“இது சின்ன வழக்கு வதனி. ஹெரோயின், ஐஸ் எண்டா கிராம் கணக்குலயே உசிரோட விளையாடுற சட்டம். கஞ்சாவும் கிலோக் கணக்குல எண்டா கத வேற. நாலு கிராம் கஞ்சா எண்டா நீதவானே முடிச்சிருவாங்க. குற்றத்த ஒத்துக்கிட்டா தண்டம் கட்டிட்டு இண்டைக்கே ஊட்டுக்குப் போகலாம். கனபேர் அப்பிடித்தான் செய்ற.”

“சாமிக்குக் கொண்டுபோனதெண்டு சொன்னா?”

“சட்டம் ஆருக்கு எண்டு கேக்காது. ஆர்ட கையில இருந்திச்சு, அது என்ன எண்டு தெரிஞ்சு வச்சிருந்தாரா, அவ்வளவுதான் கேக்கும். குடிக்காதவன் வச்சிருந்தாலும் வச்சிருந்ததுதான்.”

“தண்டத்தோட முடிஞ்சிருமா?”

“அங்கதான் சிக்கல் இரிக்கி. தண்டம் ஒரு நாளோட போயிரும். பதிவு போகாது. பள்ளி வான் ஓடுறத்துக்கு வருசா வருசம் பொலிஸ் நற்சான்று குடுக்கோணும்தானே? தையில புதுப்பிக்கக்கொள்ள கஞ்சாக் குற்றவாளிக்குப் பிள்ளைகள ஏத்த ஆர் அனுமதி குடுப்பாங்க?”

வதனி மெல்ல உண்மையைச் சொன்னாள். முப்லிஹா கோப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரித்து முடிய ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும்.

“அப்ப லேசு. சுற்றவாளி, குற்றம் செய்யல்ல எண்டு சொல்லட்டும். சாமான் கொழும்புக்குப் பகுப்பாய்வுக்குப் போகும். அறிக்கை வர மாசக்கணக்காகும், ஆனா வந்தா விடுதலை.”

“அறிக்கையக் கோட்டில வாசிப்பாங்களோ?”

“வாசிப்பாங்க. ஏன்?”

வதனி மரத்துக்கு அப்பால் கையைக் காட்டினாள். கோயில் நிருவாகம் முழுவதும் ஒரு லொறியில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அப்பாவின் சங்கடம் இதுதான். கஞ்சா என்று ஒத்துக்கொண்டால் வான் போகும். துளசி என்று நிரூபித்தால் ஊருக்குள் முகம் போகும்.

அன்று சரீரப் பிணையில் விட்டார்கள். இரவு மடைக்கு அவர் போய்ப் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கட்டாடியார், கோயிலின் பூசகர், வைரவர் உருவந்து ஆடினார். ரொட்டி வாங்கினார், சுருட்டு வாங்கினார், சாராயத்தை வாங்கித் தெளித்தார். நெருப்புச் சட்டியைக் காட்டி உறுமினார்.

“என்ர மற்றச் சாமான் எங்க?”

கூட்டம் ஒன்றாக வாவிக்கு அப்பால் கையைக் காட்டியது.

“பொலிஸில இருக்கு சாமி,” என்றார் உதயரூபன்.

வைரவர் சற்று யோசித்தார். “எடுத்துத் தாங்க.”

“வழக்கு முடியாம ஏலாது சாமி. சீல் வச்சிற்றாங்க.”

வைரவர் இன்னொரு சுருட்டை வாங்கிக்கொண்டார்.

வழக்கின் முதல் தவணைக்கு ஊரிலிருந்து பதினாலு பேர் வந்தார்கள். நீதிமன்ற முதலியார் குற்றப்பத்திரத்தை வாசித்து, குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்டார். வினாயகமூர்த்தி கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பி, உதயரூபனை ஒருமுறை பார்த்தார். எந்தப் பதில் வரும் என்று வதனிக்கே தெரியவில்லை. முந்தின நாள் இரவு அவர் ஒத்துக்கொள்வோம் என்றுதான் சொன்னார். விடியப்புறம் வானைக் கழுவும்போது மாட்டேன் என்றார்.

“சுற்றவாளி,” என்றார். சத்தம் கீச்சென்று வந்தது.

பின்வரிசையில் உதயரூபன் பக்கத்திலிருந்தவரின் தொடையில் தட்டினார். “பாத்தியோ? சாமிக்குக் கொண்டுபோறது குற்றமில்லயாம். ஆம்பிள.”

அதிலிருந்துதான் உண்மையான தொல்லை தொடங்கியது. ஊரில் அவருக்கு மதிப்பு ஏறத் தொடங்கியது. பிடிபட்ட முதல் வாரம் நாலு பிள்ளைகளை வானிலிருந்து நிறுத்தினார்கள். ஒரு மாதத்துக்குள் மூன்று திரும்பி வந்தன. நாலாவது பிள்ளைக்கு அந்த இடைவெளியில் சைக்கிள் பழகிவிட்டது. கோயில் கூட்டத்தில் அவருக்கு முன்வரிசையில் கதிரை போட்டார்கள். வட்டைக்குப் போகிறவர்கள் உழவு இயந்திரத்தை நிறுத்தி, “வழக்கு எப்பிடி அண்ண?” என்று விசாரித்தார்கள். களுதாவளையில் இருந்த ஒரு தூரத்து உறவுக்காரர் வந்து, தன் மகனுக்கு அவர் கையால் திருநீறு பூசச் சொன்னார்.

“நான் பூசல்ல எண்டன். கேக்கிறானில்ல,” என்று அப்பா வீட்டில் புலம்பினார். “கள்ளனெண்டு பேசினாக்கூட எனக்கு நித்திர வரும்.”

“அப்ப கட்டாடியாரிட்டப் போய்ச் சொல்லுங்க,” என்றாள் அம்மா சீதேவிப்பிள்ளை.

“நீதானே காயவச்சுத் தந்த. நீ வந்து சொல்லு.”

“நான் குழம்புக்கு மிளகாயும்தான் காயவச்சுத் தாறன். அதெல்லாம் நானோ போய்ச் சொல்ற?”

முற்றத்துத் துளசியை அவர் அந்த மாதங்களில் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அது பாட்டுக்குத் தழைத்துக் கிடந்தது.

எட்டுத் தவணை போனது. எட்டுத் தவணையும் அறிக்கை வரவில்லை என்று தள்ளினார்கள். எட்டுத் தவணையும் லொறி வந்தது. ஒன்பதாவது தவணை மார்கழியில், மழை நாள். லொறியில் படங்கு கட்டிக்கொண்டு வந்தார்கள். நீதவான் கண்ணாடி போட்ட இளவயதுப் பெண். உறையைப் பிரித்து வாசித்துவிட்டு, இன்னொருமுறை வாசித்தார்.

“அனுப்பப்பட்ட பொருளில் கஞ்சா இல்லை என்று அறிக்கை சொல்லுது. எதிரி வினாயகமூர்த்தி விடுதலை.” கூண்டைப் பார்த்தார். “வழக்கு முடிஞ்சுது. ஆனா தெரியாமத்தான் கேக்கிறன். அப்ப இது என்ன?”

வினாயகமூர்த்தி இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை.

“துளசி, அம்மா. எங்கட முத்தத்துத் துளசி.”

“கஞ்சா எண்டு ஆர் சொன்ன?”

“என்ர மச்சான்.”

முதலியார் இருமினார். பொலிஸ்காரர் சுவரைப் பார்த்தார். முப்லிஹா மீண்டும் கோப்பைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

வெளியே வேப்பமரத்தடியில் உதயரூபன் குடையை விரிக்காமல் மழையில் நின்றார்.

“துளசியாடா?”

“ஓம் மச்சான்.”

“இந்த வருசம் மட்டுமோ?”

“பதினொரு வருசம்.”

உதயரூபன் விரலை மடித்து எண்ணினார். “ஒம்பது தவணை,” என்றார் கடைசியில். “வெயிலிலயும் மழையிலயும் ஒம்பது தவணை வந்தன். நீ உண்மையாவே கஞ்சா வச்சிருந்தவன் எண்டு நம்பித்தானேடா வந்தன்.”

“மன்னிச்சுக்க மச்சான்.”

“நாய்க்குத் தெரிஞ்சிருக்கு,” என்றார் உதயரூபன். “வைரவர்ர வாகனமெல்லோ. மணந்திற்று அது பாட்டுக்குப் போய்ப் படுத்திற்று. நான்தான் மாடு மாதிரிக் கதைச்சன்.” அதோடு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லொறியில் ஏறியிருந்தவர்களுக்கும் அது தொற்றியது. பாலம் கடக்கும் வரை படங்குக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது என்று பின்னால் ஸ்கூட்டியில் நனைந்துகொண்டு போன வதனிக்கு நல்ல ஞாபகம்.

ஆனால் சிரிப்பு வேறு, ஒழுங்கு வேறு. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் கூட்டம் கூடியது. சாமிக் காரியத்தில் பதினொரு வருடம் ஏமாற்றியவருக்குக் கோயில் வழமைப்படி தண்டம் உண்டு. வினாயகமூர்த்தி எழும்பி நின்று, என்ன சொன்னாலும் செய்கிறேன் என்றார். தேங்காய் என்றார்கள் சிலர். மன்னித்துவிடலாம் என்றார்கள் இரண்டு பேர். எழுபது வயதுக் கட்டாடியார் எல்லோரையும் பேசவிட்டுக் கடைசியில் வாயைத் திறந்தார்.

“எனக்கு முதல் வருசமே தெரியும். சட்டியில போட்ட உடனே மணம் சொல்லிற்று.”

“மறுகா ஏன் சொல்லல்ல?” என்று உதயரூபன் பாய்ந்தார்.

“உருவந்து ஆடுறவன் இடையில நிண்டு, இது துளசி எண்டு சொல்லட்டாமோ? வைரவரும் ஒண்டும் சொல்லல்ல. பதினொரு வருசமா அவருக்கு ஒரு தடிமன் இருமல்கூட வரல்ல.”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அது அடங்கியபின், இனிமேல் மடைக்குத் துளசிதான் என்று தீர்மானம் எழுதினார்கள். அதையும் மறைக்காமல் தட்டத்தில் வைத்துக் கொண்டுவரவேண்டும். தண்டத்தையும் கட்டாடியாரே தீர்த்தார். கோயிலின் நாலு பக்கச் சுற்றுமதிலுக்கும் வினாயகமூர்த்தி தனியாளாகச் சுண்ணாம்பு பூசவேண்டும். வேறு ஒருவரும் கை வைக்கக் கூடாது.

“பாத்தியோ வதனி,” என்றாள் முப்லிஹா, கதையைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு. “கஞ்சா வச்சிருந்தா அரசாங்கம் ஒரு நாள்ல உட்டிருக்கும். வச்சிருக்காதத்துக்குக் கோயில் நாலு மதில் கேக்குது. அப்பீல் பண்ணுவமா?”

அப்பாவுக்கு அப்பீல் செய்யும் எண்ணம் துளியும் இல்லை. அவ்வளவு சந்தோசமாக அவரை வதனி கண்டதில்லை. தையில் நற்சான்று சுத்தமாக வந்தது. வானுக்குப் புது அனுமதியும் வந்தது. கிழமை நாட்களில் பிள்ளைகள், சனி ஞாயிறுகளில் மதில். பழைய சாரத்தைக் கட்டிக்கொண்டு, தலையில் துவாய் சுற்றி, சுண்ணாம்பு வாளியோடு நிற்பார். போகிறவர்கள் விடமாட்டார்கள்.

“அண்ண, அது சுண்ணாம்புதானோ, இல்லாட்டிக் கோதுமை மாவோ?”

“கொழும்புக்கு அனுப்பிப் பாரன்,” என்பார் அவர், திரும்பாமலே.

வானில் பிள்ளைகளும் கற்றுக்கொண்டன. இடைவேளைச் சாப்பாட்டுப் பெட்டியை யாராவது மணந்து பார்த்துத் தும்மினால் வான் முழுவதும் சிரிக்கும். அவரும் ஓட்டிக்கொண்டே சிரிப்பார். தெற்கு மதில் தைக் கடைசியில் முடிந்தது. மேற்கும் வடக்கும் மாசிக்குள் முடிந்தன. பூசியதை அவர் இரண்டாம் தரம் பூசினார், ஒரு தரம் போதும் என்று சொல்லியும். ஏமாற்றினவன் வேலை பாதியில் மங்கினால் கதை வரும் என்றார்.

இரண்டாவது செய்தி பங்குனியில், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு நாற்பதுக்கு வந்தது. வதனியின் அலுவலகத்துக்கு அம்மாதான் தொலைபேசி எடுத்தாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, சோறு போடச் சொல்லிவிட்டுக் கதிரையில் அமர்ந்த அப்பா எழும்பவில்லை. அதில் சொல்ல வேறெதுவும் இல்லை. செத்த வீட்டில் உதயரூபன் வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் பாலத்தடிக் கதையை முதலிலிருந்து சொன்னார். அழ வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். முப்லிஹா வந்து வதனியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்நேரம் வரை இருந்தாள். சைக்கிள் பழகிய பிள்ளையும் சேர்ந்து பதினொரு பிள்ளைகளும் சீருடையோடு, கழுத்துப்பட்டி சரியாகக் கட்டி, வரிசையாக வந்து நின்றன.

தீர்மானப்படி வேறு எவரும் கை வைக்கக் கூடாது என்பதால் மதிலை யாரும் தொடவில்லை. கிழக்குப் பக்கத்தில், வடக்கு மூலையிலிருந்து பன்னிரண்டு அடி இன்னும் சுண்ணாம்பு பூசாமல் இருக்கிறது.